காலையில காஸ்ட் பண்ணதும் மத்தியானம் காஸ்ட் பண்ணதும்: ஒரு பிளெண்ட் மெம்ப்ரேன் நிகழ்வு ஆய்வு

செல்லுலோஸ் அசிடேட்டோட பாலிசல்போன்ங்கிற பிளாஸ்டிக்கைக் கலந்து (பிளெண்ட்) தண்ணி வடிகட்டுற சவ்வு (மெம்ப்ரேன்) பண்ணோம். பாலிசல்போன் அளவு கூடக் கூட ஃப்ளக்ஸ், அதாவது சவ்வு வழியா தண்ணி போற வேகம், கூடுது, புரதத்தைத் தடுத்து நிறுத்துற திறன், அதாவது புரத ரிஜெக்‌ஷன் குறையுது. முதல் செட் டேட்டா இதைத்தான் சொல்லுச்சு, கிராஃபும் கோடு போட்டாப்ல நல்லா வந்துச்சு. ஆனா அந்த ஏத்தத்துல ஒரு பங்குதான் பாலிமரால வந்தது, இன்னொரு பங்கு சிங்கப்பூர்க் காலைக் காத்தால வந்தது. ரெண்டையும் எப்படிப் பிரிச்சோம்னு முழுசா எழுதுறேன், ஏன்னா ஈரப்பதம் அதிகமான ஊர்ல பாலிமர் கலவை வச்சு மெம்ப்ரேன் பண்ற யாருக்கும் இது நடக்கலாம், நம்ம பசங்க நிறையப் பேர் இந்த ஃபீல்டுக்கு வர்றாங்க.

முதல்ல பின்னணி. நாங்க பண்ணது அல்ட்ராஃபில்ட்ரேஷன் (யூஎஃப்) சவ்வு. அல்ட்ராஃபில்ட்ரேஷன்னா ஏறக்குறைய 2லேர்ந்து 100 நானோமீட்டர் வரை துளை உள்ள சவ்வு, சில பார் அழுத்தம் போதும், புரதம், வைரஸ், கூழ்மத் துகள் எல்லாம் நின்னுடும், உப்பு போயிடும். சிங்கப்பூர்ல இது நம்ம குழாய்த் தண்ணியோட நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம். 2003ல பிடோக்லயும் கிராஞ்சிலயும் நியூவாட்டர் (கழிவுநீரைச் சுத்திகரிச்சுத் திரும்ப எடுக்குற தண்ணி) ஆலை திறந்தப்போலேர்ந்தே முறை இதுதான்: முதல்ல மைக்ரோஃபில்ட்ரேஷன் இல்லாட்டி அல்ட்ராஃபில்ட்ரேஷன், அப்புறம் ஆர்ஓ, கடைசியா யூவி. செஸ்ட்நட் அவென்யூ வாட்டர்வொர்க்ஸ்ல நீர்த்தேக்கத் தண்ணியையே யூஎஃப் சவ்வு வழியா விடுறாங்க. ஜொகூர்லேர்ந்து தண்ணி வாங்குற 1962 ஒப்பந்தம் 2061ல முடியுது, அதனால இந்த ஊர்ல மெம்ப்ரேன் ஆராய்ச்சியை யாரும் சும்மா பொழுதுபோக்கா பாக்குறதில்ல.

நாங்க எடுத்த கலவை செல்லுலோஸ் அசிடேட்டும் பாலிசல்போனும், இனிமே சிஏ, பிஎஸ்எஃப்னு சொல்றேன். சிஏ தண்ணியை விரும்புற பாலிமர், அதனால புரதம் சீக்கிரம் ஒட்டாது, ஆனா அழுத்தத்துல நசுங்கும், பிஎச் 4லேர்ந்து 8 வரைதான் தாங்கும், நுண்ணுயிரி வேற தின்னும். பிஎஸ்எஃப் கெட்டி, அமிலம் காரம் ரெண்டையும் தாங்கும், ஆனா தண்ணி ஒட்டாத மேற்பரப்பு, அழுக்கு சீக்கிரம் பிடிக்கும். ரெண்டையும் கலந்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடுகட்டும்ங்கிறதுதான் கணக்கு. இந்த ஜோடி புதுசு இல்ல. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல இதே கலவையை ரொம்ப விரிவா பண்ணியிருக்காங்க, மொத்த பாலிமர் 17.5 சதவீதம், கரைப்பான் டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு), துளை உண்டாக்க பிஇஜி 600 (பாலிஎத்திலீன் கிளைக்கால்), சவ்வைக் கெட்டியாக்குற குளிர்ந்த தண்ணித் தொட்டில, அதாவது பாத்ல, கொஞ்சம் டிஎம்எஃப்பும் சோப்பு மாதிரியான சோடியம் லாரில் சல்ஃபேட்டும். எங்க லேப்ல சேர்ந்த தம்பி திருச்சிப் பக்கம், அந்த மரபுல பழகி வந்தவர், அதனால அந்த ரெசிபியையே அடிப்படையா வச்சோம். சிஏ, பிஎஸ்எஃப் விகிதம் 100/0லேர்ந்து 70/30 வரை.

பண்ற முறை சுருக்கமா: ரெண்டு பாலிமரையும் ஓவன்ல காயவச்சு, டிஎம்எஃப்ல மெதுவா போட்டு பல மணி நேரம் கலக்கி, காத்துக் குமிழ் போக ராத்திரி முழுக்க விடணும். கரைசல் வெல்லப் பாகு கம்பிப் பதத்துல இருக்கும். கண்ணாடித் தட்டுல ஊத்தி, 200 மைக்ரான் இடைவெளி வச்ச காஸ்டிங் நைஃபால ஒரே இழுப்பா இழுத்து (காஸ்ட் பண்றதுங்கிறது இதைத்தான்), முப்பது விநாடி காத்துல வச்சு, தட்டோட பாத்ல இறக்கணும். டிஎம்எஃப் வெளிய போகும், தண்ணி உள்ள வரும், பாலிமர் கெட்டியாகி வெள்ளைப் படலமா கண்ணாடியை விட்டுத் தானே கிளம்பி மிதக்கும். மேல அடர்த்தியான மெல்லிய தோல், கீழ விரல் விரலா பெரிய குழி. 1960 வாக்குல லாஸ் ஏஞ்சலஸ்ல சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சிஏ வச்சு முதல்ல பண்ணிக் காட்டுன சமச்சீரில்லா சவ்வு இந்தக் குடும்பத்தோட மூத்தது. அவங்க ரெசிபியிலயே காத்துல வைக்குற நேரம் ஒரு சேர்மானமா இருந்துச்சு. அந்த முப்பது விநாடியை நாம எல்லாரும் ரெசிபில எழுதுறோம், ஆனா அந்தக் காத்து எப்படி இருந்துச்சுன்னு எழுதுறதில்ல. இந்தக் கேஸ் முழுக்க அங்கதான் நிக்குது.

கையுறை பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், டிஎம்எஃப் சாதாரண நைட்ரைல் கையுறையை சீக்கிரமே ஊடுருவிடும், பியூட்டைல் போடணும். கருவைப் பாதிக்கிற கெமிக்கல் அது. பாத் தண்ணியும் கரைப்பான் கழிவுதான், சிங்க்ல ஊத்தக்கூடாது.

முதல் செட்ல என்ன தெரிஞ்சுது

ஃப்ளக்ஸ் அளக்க நைட்ரஜன் சிலிண்டர் போட்ட ஸ்டிர்ட் செல், அதாவது உள்ள கலக்கிக்கிட்டே அழுத்தத்துல வடிகட்டுற சின்னக் கலம். முதல்ல 4 பார் சொச்சத்துல நசுக்கி நிலையாக்கி, அப்புறம் 3 பார்ல அளந்தோம். ஒரு உதாரணக் கணக்கு போடுறேன், புதுசா வர்றவங்களுக்கு உதவும். செல்லோட பரப்பு 14.6 சதுர சென்டிமீட்டர், பத்து நிமிஷத்துல 30 மில்லி சேர்ந்தா, 0.030 லிட்டரை 0.00146 சதுர மீட்டராலயும் ஆறுல ஒரு மணி நேரத்தாலயும் வகுத்தா ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 123 லிட்டர், அதாவது 123 எல்எம்எச். இப்போ அந்தத் தண்ணி 30 டிகிரில இருந்துச்சுன்னு வைங்க, பேப்பர்ல போடுறதோ 25 டிகிரிக்கு. 30ல தண்ணியோட பாகுத்தன்மை 0.798 மில்லிபாஸ்கல்-விநாடி, 25ல 0.890, திருத்துனா 123 இல்ல, 110 சொச்சம். பத்து சதவீதம் சும்மா வெப்பத்தாலயே வந்துடுது. இங்க குழாய்த் தண்ணி குளிரா வராது, லேப் ஏசியோ பல்லு கிட்டுற குளிர், ஒரு ஃபிளாஸ்க் மேசையில எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கிறதைப் பொறுத்து எண் மாறும். இதை ஆரம்பத்துலயே திருத்திட்டோம், அதனால கீழ சொல்ற வித்தியாசம் எதுவும் தண்ணி வெப்பத்தால வந்தது இல்ல.

சோதனைக்கு பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துலேர்ந்து எடுக்குற ஆல்புமின்) புரதம் 0.1 சதவீதம், பிஎச் 7.2 பஃபர்ல, சவ்வு வழியா வடிஞ்சு வந்த பெர்மியேட்டை 280 நானோமீட்டர்ல யூவில படிச்சு ரிஜெக்‌ஷன். சிஏ மட்டும் இருந்த ஷீட் புரதத்தை நல்லா நிறுத்துச்சு, தண்ணி மெதுவா விட்டுச்சு. 70/30 தண்ணியை அள்ளி விட்டுச்சு, புரதத்தையும் சேத்து விட்டுச்சு. நடுவுல எல்லாம் வரிசையா. தம்பி சொன்ன விளக்கமும் சரியாத்தான் இருந்துச்சு: ரெண்டு பாலிமரும் முழுசா கலக்காது, நடுவுல இடைவெளி விழும், துளை பெருசாகும்.

ஏன் கலக்காதுன்னா, சின்ன மூலக்கூறு ரெண்டு சேர்றப்போ கலைஞ்சு கிடக்குற சுதந்திரம் நிறையக் கூடும், அதுவே கலக்கத் தள்ளும். பாலிமர் சங்கிலி ஆயிரக்கணக்கான கண்ணி நீளம், அந்தத் தள்ளல் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, சங்கிலிகளுக்குள்ள நேரடியா ஒட்டுதல் இருந்தாத்தான் கலக்கும். சிஏவுக்கும் பிஎஸ்எஃப்புக்கும் அப்படி பெரிய ஒட்டுதல் கிடையாது. டிஎம்எஃப் இருக்குற வரை சமாளிக்குது, அவ்வளவுதான்.

தம்பி ஒரு டிஎஸ்சி (சூடாக்கிக்கிட்டே வெப்ப மாற்றத்தை அளக்குற சோதனை) படமும் வச்சிருந்தார், எல்லா விகிதத்துக்கும் ஒரே ஒரு கண்ணாடி நிலைமாற்றம், அதாவது கெட்டியான பாலிமர் இளகுற வெப்பநிலை (டிஜி) ஒண்ணே ஒண்ணு, அதனால குறைஞ்சபட்சம் 85/15 வரைக்கும் முழுசா கலந்துருக்குன்னு எழுதியிருந்தார். இந்த ஜோடிக்கு அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. பிஎஸ்எஃப்போட டிஜி 185லேர்ந்து 190 டிகிரி, சிஏவோடதும் அதே வட்டாரம். கலந்தாலும் ஒரே படி, கலக்காட்டியும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு ஒரே படி. பாலிஈதர்சல்போனா இருந்தா டிஜி 225 பக்கம், அப்போ ரெண்டு படி விழுதான்னு பாக்கலாம். இங்க நம்பக்கூடிய சோதனை ரொம்ப எளிமையானது, கரைசலை நல்ல கண்ணாடிக் குப்பியில ஊத்தி அசைக்காம வச்சுப் பாக்குறது. 70/30 மறுநாளே மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மங்கலா பிரிய ஆரம்பிச்சுது, 85/15 தெளிவாவே நின்னுச்சு.

வரிசைல ஒளிஞ்சிருந்தது

இந்தப் பிரியுற குணம்தான் அடுத்த விஷயத்துக்கு வழி காட்டுச்சு. 70/30 பிரிஞ்சுடும்னு தெரிஞ்சதால தம்பி காலையில வந்த உடனே அதைத்தான் முதல்ல காஸ்ட் பண்ணுவார், அப்புறம் 80/20, அப்புறம் 85/15, தெளிவா நிக்குற சிஏ மட்டும் இருக்குற கரைசல் மத்தியானத்துக்கு மேல. ரொம்ப நியாயமான ஒழுங்கு, யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணுவாங்க. ஆனா அதனால பிஎஸ்எஃப் அளவும் நேரமும் கோத்துக்கிட்டு ஒண்ணாவே நகர்ந்துச்சு.

எங்க லேப்ல பல வருஷமா இருக்குற டெக்னாலஜிஸ்ட் அக்கா ஒருத்தங்க, பிறந்ததுலேர்ந்து இங்கதான், அவங்க ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டே கேட்டாங்க, "இது காலை ஷீட்டா தம்பி? பளபளப்பே இல்லயே."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"ராத்திரி ஏசி கட்டுல்ல. காலையில நான் கதவைத் தொறக்கறப்ப கண்ணாடியில தண்ணி கோத்து நிக்கும், துடைச்சிட்டுத்தான் உள்ள போவேன். மழை பேஞ்ச அன்னைக்கு இன்னும் மோசம் லா."

அவங்க கையில இருந்த ஷீட்டையும் மத்தியான ஷீட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தோம். மத்தியானம் பண்ணது மேல்பக்கம் பீங்கான் தட்டுப் பளபளப்பு, காலை ஷீட் சுண்ணாம்பு வெள்ளை, விரலை வச்சா மாவு ஒட்டுற உணர்வு. ரெண்டையும் தனித்தனியா பாத்தா தெரியாது, சேத்து வச்சாத்தான் தெரியும். பிஎஸ்எஃப் கூடுனதாலதான் மங்கலாச்சுன்னு அதுவரை எல்லாருமே எடுத்துக்கிட்டிருந்தோம்.

இங்க விடியுறதுக்கு முன்னாடி ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல இருக்கறது சாதாரணம், மழை இல்லாத நாள்ல மத்தியானம் அறுபது பக்கம் இறங்கும். தென்மேற்குப் பருவத்துல சுமத்ரா ஸ்குவால்ங்கிற திடீர்க் காத்து மழை வர்றதும் விடியக்காலையிலேர்ந்து மத்தியானத்துக்குள்ளதான். ராத்திரி ஏசி நின்னுபோன கட்டடத்துல அந்தக் காத்து அப்படியே உள்ள உக்காந்திருக்கும், ஏசி மறுபடி ஓடி அதை உலர்த்த நேரம் பிடிக்கும். முஸ்தஃபா சென்டர்ல வாங்குன சின்ன ஹைக்ரோமீட்டரை காஸ்டிங் தட்டுக்குப் பக்கத்துலயே வச்சோம். காலையில எண்பதைத் தாண்டிக் காட்டுச்சு, மத்தியானம் அறுபதுக்குக் கீழ.

அந்த முப்பது விநாடியில என்ன நடக்குதுன்னா, டிஎம்எஃப் ஈரத்தை இழுக்கும் கரைப்பான், மெல்லிய படலமா பரப்புனா இன்னும் வேகமா இழுக்கும். பிஎஸ்எஃப் கரைசல் கலங்கிப் பிரிய சில சதவீதம் தண்ணியே போதும், சிஏ அதைவிட நிறையத் தாங்கும். அதனால ஈரக் காத்துல, பாத்ல இறக்குறதுக்கு முன்னாடியே, படலத்தோட மேல்பகுதியில பிஎஸ்எஃப் துளித்துளியா பிரிய ஆரம்பிச்சுடுது. அதுக்கு அப்புறம் பாத்ல போட்டா அடர்த்தியான தோல் உருவாக வழி இல்ல, நுரைநுரையா திறந்த மேற்பரப்புதான் வரும். ஆவியால வர்ற இந்தப் பிரிதலை வேணும்னே பயன்படுத்திப் பண்ற மெம்ப்ரேன்களும் இருக்கு, அது தனி முறை. இங்க யாரும் கேக்காம அது உள்ள வந்துடுச்சு, அதுவும் பிஎஸ்எஃப் அதிகமான ஷீட்டுக்கே அதிகமா வந்துச்சு, ஏன்னா அதுதான் காலையில காஸ்ட் ஆச்சு, அதுதான் ஈரத்துக்குச் சீக்கிரம் கலங்கும்.

சரிபார்த்த விதம்

அக்ரிலிக் பெட்டி ஒண்ணு அடிச்சு, கை விட ரெண்டு ஓட்டை வச்சு, உள்ள காஸ்டிங் தட்டும் ஹைக்ரோமீட்டரும். உலர் நைட்ரஜன் மெதுவா விட்டா நாப்பதுக்குக் கீழ வருது, ஈரத்துணித் தட்டு வச்சா எண்பதுக்கு மேல போகுது. ஒவ்வொரு விகிதத்தையும் ரெண்டு காத்துலயும் காஸ்ட் பண்ணோம், வரிசையையும் கலைச்சுப் போட்டோம், பாத்தை ஐஸ் போட்டு ஒரே வெப்பத்துல பிடிச்சோம். கடைசி விஷயத்தை லேசா எடுக்காதீங்க, பாத் சூடா இருந்தா கரைப்பான் வேகமா மாறி துளை பெருசாகும், இங்க குழாய்த் தண்ணியை அப்படியே பிடிச்சா பேப்பர்ல இருக்குற 10 டிகிரிக்கு எட்டாத தூரம். ஷீட் போடப் போட பாத்ல டிஎம்எஃப் ஏறிக்கிட்டே போகும், அதனால அடிக்கடி மாத்தணும்.

உலர்ந்த காத்துல 85/15 வரைக்கும் புரத ரிஜெக்‌ஷன் சிஏவை ஒட்டியே நின்னுச்சு, ஃப்ளக்ஸ் மட்டும் தெளிவா கூடுச்சு. அதாவது பிஎஸ்எஃப் சேக்கறதால உண்மையான லாபம் இருக்கு. ஈரக் காத்துல அதே 85/15 ஃப்ளக்ஸ் இன்னும் எகிறி ரிஜெக்‌ஷன் விழுந்துச்சு. 70/30 உலர்ந்த காத்துலயும் மோசம்தான், அது பாலிமர் கலக்காததோட நேரடி விளைவு, காத்து மேல பழி போட முடியாது. சிஏ மட்டும் இருந்த ஷீட் ரெண்டு காத்துலயும் அவ்வளவா மாறல, ஈரத்தைத் தாங்குற பாலிமர்ங்கிறதோட அது பொருந்துது. முதல் கிராஃப்ல இருந்த போக்கு பொய் இல்ல, ஆனா சரிவு உண்மையைவிட செங்குத்தா இருந்துச்சு, நடு விகிதங்களை அநியாயமா தள்ளி வச்சிருந்தோம்.

எஸ்இஎம்ல (எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்) குறுக்குவெட்டும் பாத்தோம். திரவ நைட்ரஜன்ல முக்கி ஒடிச்சாத்தான் சுத்தமான முறிவு வரும், கத்தரியால வெட்டுனா துளை நசுங்கி ஒண்ணும் தெரியாது. அதுக்கு முன்னாடி ஷீட்டை நேரா காயவைக்கக்கூடாது, தண்ணியோட மேற்பரப்பு இழுவிசையே துளையை மூடிடும், எத்தனால், அப்புறம் ஹெக்ஸேன்னு மாத்தி மாத்தி ஊறவச்சுக் காயவைக்கணும். உலர் ஷீட்ல மேல மெல்லிய தோலும் கீழ விரல் குழியும் பிசிறில்லாம தெரிஞ்சுது, ஈர ஷீட்ல மேல் சில மைக்ரான் பஞ்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி எஃப்டிஐஆர், அகச்சிவப்பு ஒளியால வேதித் தொகுதிகளைக் கண்டுபிடிக்கிற சோதனை. சிஏல அசிடேட் கார்பனைல் இருக்கு, 1740 செமீ⁻¹ பக்கம் உச்சி. பிஎஸ்எஃப்ல கார்பனைல் கிடையாது, ஆனா அதோட பென்ஸீன் வளைய உச்சி 1585 பக்கம் இருக்கு, அது சிஏல இல்ல. ரெண்டோட விகிதத்தை மேல்பக்கமும் கீழ்பக்கமும் எடுத்தா எந்தப் பாலிமர் எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். உலர் ஷீட்ல ரெண்டு பக்கமும் விகிதம் ஏறக்குறைய ஒரே அளவு, ஈர ஷீட்ல ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் வந்துச்சு, ஒரே பக்கத்துலயே இடத்துக்கு இடம் மாறுச்சு. இதுக்கு எடுத்த ஏடிஆர் (எஃப்டிஐஆர்ல மேற்பரப்பைப் பாக்குற வகை) ஒண்ணு ரெண்டு மைக்ரான் ஆழம் வரை பாக்கும், தோலை மட்டும் பாக்கணும்னா எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரேயால மேற்பரப்புத் தனிமங்களைப் பாக்குற சோதனை) எடுக்கணும், ரெண்டு பாலிமர்ல கந்தகம் பிஎஸ்எஃப்ல மட்டும்தான் இருக்குங்கிறதால, பாத்ல இருந்த லாரில் சல்ஃபேட்டை நல்லா அலசிட்டா, அது சுலபமான அடையாளம்.

துளை அளவுக்கு வேற வேற மூலக்கூறு எடை உள்ள பிஇஜி வரிசையை வடிகட்டி டிஓசில (தண்ணியில இருக்குற மொத்தக் கரிமக் கார்பன்) படிச்சோம், 90 சதவீதம் நிக்குற மூலக்கூறு எடைதான் கட்‌ஆஃப். இதுல ஒரு கண்ணி இருக்கு. மெம்ப்ரேனுக்குள்ளயே பிஇஜி 600 இருக்கு, சரியா அலசாட்டி அதுவே கசிஞ்சு பெர்மியேட்ல டிஓசியைக் கூட்டும், ரிஜெக்‌ஷன் இல்லாத மாதிரி தெரியும். வெறும் தண்ணி ஓட்டி டிஓசி அடங்குற வரை காத்திருந்தே ஆரம்பிக்கணும்.

நூறைத் தாண்டுன ரிக்கவரி

புரதம் படிய விட்டு, கழுவி, ஃப்ளக்ஸ் எத்தனை சதவீதம் திரும்புது (ரிக்கவரி)ன்னு பாக்குற அழுக்குச் சோதனைல ஒரு நாள் தம்பி சந்தோஷமா வந்தார். "அண்ணா, காஸ்டிக் வாஷுக்கு அப்புறம் ஃப்ளக்ஸ் ரிக்கவரி நூத்தி ஆறு சதவீதம்!"

"தம்பி, கழுவுனா பழைய நிலைக்கு வரலாம். பழசைவிட எப்படி மேல போகும்? அந்த ஷீட்டை எஃப்டிஐஆர்ல வச்சுப் பாருங்க."

1740 உச்சி நல்லா இறங்கியிருந்துச்சு, 3400 பக்கம் ஹைட்ராக்சில் ஏறியிருந்துச்சு. பிஎச் 12 காரத்துல சிஏவோட அசிடேட் கழண்டு போச்சு, சவ்வு திறந்துக்கிச்சு, அதான் தண்ணி கூட வந்துச்சு. அதே ஷீட்ல புரத ரிஜெக்‌ஷன் மறுபடி அளந்தப்போ விழுந்திருந்துச்சு. பிஎஸ்எஃப் 15 சதவீதம் சேத்துட்டா காரத்தைத் தாங்கிடும்னு ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு, 85 சதவீதம் சிஏவா இருக்குறப்போ அது நடக்காது. நடுநிலை பிஎச்ல என்சைம் டிடர்ஜெண்ட்டுக்கு மாத்துனோம், ரிக்கவரி நூறுக்குக் கீழ வந்துச்சு, நம்பக்கூடியதா வந்துச்சு, சிஏ கலவைக்கு அழுக்கு கம்மியா ஒட்டுதுங்கிறது அதுலயும் தெளிவாவே தெரிஞ்சுது.

அதனால என்னோட தீர்ப்பு இது. உலர் பெட்டில பண்ண 85/15 நல்ல மெம்ப்ரேன், மிதமான பிஎச்ல புரதம் பிரிக்கற வேலைக்குத் தாராளமா கொடுக்கலாம். காஸ்டிக்கும் ஹைப்போகுளோரைட்டும் போட்டுக் கழுவுற தண்ணி ஆலைக்கு இதைச் சிபாரிசு பண்ண மாட்டேன், அங்க பாலிஈதர்சல்போனும் பிவிடிஎஃப்ங்கிற இன்னொரு பாலிமரும் நிக்குறதுக்குக் காரணம் இருக்கு. தம்பியோட அடுத்த கலவை பாலிஈதர்சல்போனும் சல்ஃபோனேட் பண்ண பாலிசல்போனும், அதுல அசிடேட் கழண்டு போற பிரச்சினை கிடையாது, தண்ணி ஒட்டுற குணம் சல்ஃபோனிக் தொகுதியால வரும், பிஎச் 7ல எதிர்மின் ஏறியிருக்குற பிஎஸ்ஏவைத் தள்ளியும் விடும்.

லேப் நோட்ல இப்போ ஒவ்வொரு ஷீட்டுக்கும் காத்தோட ஈரப்பதம், காத்துல வச்ச விநாடி, பாத் வெப்பம், அதே பாத்ல அது எத்தனாவது ஷீட், இதெல்லாம் ஃப்ளக்ஸுக்கு முன்னாடியே எழுதிடுறோம். இங்கயோ கோலாலம்பூர்லயோ சென்னையிலயோ இதே ரெசிபியைத் திரும்பப் பண்றவங்க, முதல்ல 85/15ஐ விடியக்காலைக் காத்துல ஒண்ணு, உலர்ந்த காத்துல ஒண்ணு காஸ்ட் பண்ணி ரெண்டையும் அளந்துடுங்க. ரெண்டு எண்ணும் ஒத்துவராட்டி மத்த விகிதம் எதையும் தொடாதீங்க, பெட்டியை அடிக்க ஆரம்பிங்க.